குழாய்க்குள் ஒரு சம்மட்டி

ஊர்ப் பொதுக் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுகிறது. திடீரென்று கரண்டு போகிறது. சில நொடிகளில் ‘டம்’ என்று ஒரு சத்தம். குழாய் அதிர்கிறது. மறுநாள் பார்த்தால் ஒரு ஜாயிண்டு பிய்ந்து கிடக்கிறது. ஊருக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை. பெண்கள் குடத்தோடு பக்கத்து ஊருக்கு நடக்கிறார்கள்.

“பழைய குழாய், உடைந்துவிட்டது” என்போம். புதுக் குழாய் போடுவோம். அதுவும் ஒரு நாள் உடையும். ஏன்? ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அது குழாயை ஓங்கி அடிக்கும். பொறியாளர்கள் இதை ‘வாட்டர் ஹேமர்’ என்கிறார்கள். தண்ணீர்ச் சம்மட்டி என்று பொருள்.

தண்ணீருக்கு இவ்வளவு பலமா?

ஓடும் பஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம். தண்ணீரும் அப்படித்தான்.

4 அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 8 லிட்டர் தண்ணீர் இருக்கும். தொட்டி 1 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால் குழாய்க்குள் 8,000 லிட்டர். அதன் எடை 8 டன். பாரம் ஏற்றிய ஒரு லாரி போல! அது ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகிறது. ஆனாலும் சுவரில் மோதினால் என்ன ஆகும்?

ரஷ்ய விஞ்ஞானி நிக்கொலாய் ஷுக்கோவ்ஸ்கி மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் இதைச் சோதித்தார். 1898-இல் அதன் கணக்கை வெளியிட்டார். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அடியும் இரண்டு மடங்காகும். இதுதான் அந்தக் கணக்கின் சாரம்.

தண்ணீர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதைச் சட்டென்று நிறுத்துகிறோம். பி.வி.சி. குழாயில் சுமார் 4 கிலோ அழுத்தம் கூடும். இரும்புக் குழாயில் சுமார் 12 கிலோ கூடும். பி.வி.சி. சற்று நெகிழ்ந்து கொடுக்கும். இரும்பு நெகிழாது. அதனால்தான் இந்த வேறுபாடு.

நீங்களே கணக்குப் போடலாம்

தொட்டியில் விழும் தண்ணீரை 200 லிட்டர் டிரம்மில் பிடியுங்கள். 25 நொடியில் நிறைந்தால் நொடிக்கு 8 லிட்டர் வருகிறது.

4 அங்குலக் குழாய் என்றால் வேகம் நொடிக்கு 1 மீட்டர். 3 அங்குலக் குழாயில் மீட்டருக்கு நாலரை லிட்டர்தான் கொள்ளும். எனவே வேகம் சுமார் 1.8 மீட்டர்.

தொட்டி, பம்ப்பைவிட 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பம்ப் அருகே எப்போதும் 3 கிலோ அழுத்தம் உண்டு. குழாய் பி.வி.சி. என்றால் அடி விழும்போது, 4 அங்குலத்தில் 3-ம் 4-ம் சேர்ந்து 7 கிலோ. 3 அங்குலத்தில் 3-ம் 7-ம் சேர்ந்து 10 கிலோ. ‘6 கிலோ’ குழாய் இரண்டுக்குமே போதாது. பணம் மிச்சம் என்று சின்னக் குழாய் போட்டால் பிறகு ரிப்பேருக்குச் செலவாகும்.

நிறுத்தும்போது வரும் சத்தம்

கரண்டு போனதும் பம்ப் நின்றுவிடும். குழாயில் உள்ள தண்ணீர் கொஞ்ச தூரம் மேலே போகும். பிறகு கீழே திரும்பும். அதைத் தடுக்க ஒருவழி வால்வு இருக்கிறது. ‘ரிட்டன் வால்வு’ என்றும் சொல்வோம். அதன் மூடி தாமதமாக மூடினால், திரும்பி வரும் தண்ணீர் அதை ஓங்கி அறையும்.

மோட்டார் போடும்போது வரும் சத்தம்

இது ஆழ்துளைக் கிணறுகளில் வரும். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் பல போர்கள் 1,000 அடிக்கும் மேல் ஆழமானவை. இத்தகைய இடங்களில் பம்ப்பின் மேல் ஒரு வால்வும் தரைமட்டத்தில் ஒரு வால்வும் இருக்கும்.

கீழ் வால்வு ஒழுகினால் என்ன ஆகும்? மோட்டார் நின்றபின் தண்ணீர் கீழே இறங்கும். மேல் வால்வு மூடியிருப்பதால் காற்று உள்ளே வராது. அதன் அடியில் வெற்றிடம் உண்டாகும். மறுபடி மோட்டார் போட்டதும் தண்ணீர் தடையின்றிப் பாய்ந்து வந்து மேல் வால்வை இடிக்கும்.

சத்தம் மேலே கேட்கிறது. எனவே மேல் வால்வை மாற்றுகிறோம். பயனில்லை. பழுது கீழே இருக்கிறது. பம்ப்பை மேலே தூக்கிக் கீழ் வால்வைச் சரிசெய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்?

1. கேட் வால்வை மெதுவாகத் திறங்கள், மெதுவாக மூடுங்கள். 1 கிலோமீட்டர் பி.வி.சி. குழாயில் அடியின் அலை போய்த் திரும்பச் சுமார் 5 நொடி ஆகும். அதற்குள் மூடினால் முழு அடி விழும். அரை நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றுகளை இன்னும் மெதுவாகத் திருப்புங்கள்.

2. திறந்த கிணற்று பம்ப்பை அணைக்கும் முன் கேட் வால்வைப் படிப்படியாகக் குறையுங்கள். பிறகு சுவிட்சை அணையுங்கள்.

3. ஸ்பிரிங் வைத்த ஒருவழி வால்வு போடுங்கள். தண்ணீர் திரும்பும் முன்பே அது மூடிவிடும். ஆழமான போரில் சுமார் 200 அடிக்கு ஒன்று வைப்பது வழக்கம்.

4. கரண்டு வந்ததும் உடனே மோட்டார் போடாதீர்கள். 5 நிமிடம் பொறுங்கள். ஆட்டோ ஸ்டார்ட்டர் என்றால் அதில் டைமர் வைக்கச் சொல்லுங்கள்.

5. குழாய் மேடேறி இறங்கும் இடங்களில் ஏர் வால்வு வேண்டும்.

6. பெண்டுகளைக் கான்கிரீட் கட்டையால் அசையாமல் பிடியுங்கள்.

7. நீண்ட குழாய் என்றால் பம்ப் அருகே காற்றுக் கலம் வைக்கலாம். உள்ளே உள்ள காற்று அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். காற்று குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடல்நலமும் இதில் இருக்கிறது

அடியின் அலை திரும்பும்போது குழாயில் அழுத்தம் மிகவும் குறையும். அப்போது விரிசல் வழியாக வெளித் தண்ணீரை உள்ளே இழுக்கும். பக்கத்தில் சாக்கடை இருந்தால்? வயிற்றுப்போக்கு வீட்டுக்கு வீடு போகும்.

2019-இல் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு வீடு குழாய் தருவது அதன் நோக்கம். ஊர்க் குடிநீர்க் குழுவுக்கும் அதில் பொறுப்பு உண்டு. பம்ப் அறையில் ஒரு நோட்டு வையுங்கள். சத்தம் வந்த நாள், நேரம், மோட்டார் போட்டபோதா அணைத்தபோதா என்று எழுதுங்கள். மெக்கானிக் வரும்போது காட்டுங்கள். எந்த வால்வில் பழுது என்று கண்டுபிடிக்க அது உதவும்.

கலந்து பேசுவோம்

• உங்கள் ஊர்க் குழாய் எத்தனை அங்குலம்? எத்தனை கிலோ தாங்கும்? குழாயின் மேலேயே எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள்.
• சென்ற ஆண்டு எத்தனை முறை உடைந்தது? எவ்வளவு செலவானது?
• உங்கள் ஊரில் சத்தம் எப்போது வருகிறது: மோட்டார் போடும்போதா, நிற்கும்போதா?