மீன்கொத்தியின் நீலத்தில் சாயமே இல்லை!

மழை விட்ட காலை. கோவிலம்பாக்கம் வழியாகப் போகும் 200 அடி ரேடியல் சாலையின் ஓரம் தேங்கிய தண்ணீரில் ஊதா, பச்சை, மஞ்சள் என்று வண்ணக் கோலம். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: “அந்தக் கலர் எங்கேயிருந்து வந்துச்சு?”

அதே சாலையில் கிழக்கே போனால் பள்ளிக்கரணை சதுப்புநிலம். அங்கே மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தியின் முதுகில் பளிச்சென்று நீலம். குட்டையின் வண்ணத்துக்கும் இந்த நீலத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் சாயம் கிடையாது!

அலைகளின் விளையாட்டு

மஞ்சள் தூள் மஞ்சளாகத் தெரிவது சாயத்தால். ஊதா, நீல ஒளியை அது விழுங்கிவிட்டு, மீதியைத் திருப்பி அனுப்புகிறது. சேலை, பெயின்ட், பூ எனப் பெரும்பாலான வண்ணங்கள் இப்படித்தான்.

குட்டையின் கதை வேறு. ஒளி ஓர் அலை. நீல அலை குட்டை, சிவப்பு அலை நெட்டை. தண்ணீர்மேல் பரவிய எண்ணெய்ப் படலம், தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லியது. படலத்தின் மேல்பரப்பில் கொஞ்சம் ஒளியும் அடிப்பரப்பில் கொஞ்சம் ஒளியும் திரும்புகின்றன. இரண்டு அலைகளும் மேடும் மேடுமாகச் சேர்ந்தால் அந்த நிறம் பளிச்சிடும். மேடும் பள்ளமுமாகச் சேர்ந்தால் அந்த நிறம் மறையும். தலையைச் சாய்த்துப் பார்த்தால் வண்ணம் மாறுவதும் இதனால்தான்.

மீன்கொத்தியின் இறகில், நம் நகத்தில் இருப்பதைப் போன்ற கெரட்டின் என்ற பொருள், காற்றுத் துளைகள் நிறைந்த ஸ்பாஞ்ச் போல அமைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளைகளின் இடைவெளி நீல அலைக்குப் பொருந்துவதால், நீலம் மட்டும் வலுவாகத் திரும்பி வருகிறது. இறகைப் பொடியாக்கினால் நீலமும் காணாமல் போகும்.

கடலைப் பார்த்துக் கேட்ட கேள்வி

திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி.ராமன், 1906-ல் 18 வயதிலேயே ஒளி பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டவர். 1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை யோசிக்க வைத்தது. ‘வானத்தின் பிரதிபலிப்புதான் கடலின் நீலம்’ என்பது புகழ்பெற்ற விஞ்ஞானி ரேலியின் கருத்து. ராமன் அதை அப்படியே ஏற்கவில்லை. கையிலிருந்த சிறிய பட்டகத்தால் நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை மறைத்துவிட்டுப் பார்த்தார். கடல் அப்போதும் நீலமாகவே இருந்தது! அங்கே தொடங்கிய ஆராய்ச்சி, 1928 பிப்ரவரி 28-ல் ‘ராமன் விளைவு’ ஆனது. 1930-ல் நோபல் பரிசு தந்தது. பின்னாளில் பறவை இறகுகளின் வண்ணத்தையும் அவர் ஆராய்ந்தார்.

வீட்டிலேயே பார்க்கலாம்

வளையலைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, செங்குத்தாகப் பிடியுங்கள். நீர் கீழே வடிய வடிய, வண்ணப் பட்டைகள் இறங்கும். படலம் மிக மெல்லியதாகும்போது மேல்பகுதி கறுப்பாகும். அது உடையப்போவதற்கான அறிகுறி.

அழகுக்குப் பின்னால்…

சாலைக் குட்டையின் வானவில், வண்டிகளிலிருந்து ஒழுகிய எண்ணெய். இந்தப் பகுதியின் மழைநீர், நாராயணபுரம் போன்ற ஏரிகளைத் தாண்டிப் பள்ளிக்கரணையைத்தான் சேர்கிறது. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சதுப்புநிலம் அது. எண்ணெய் படிந்த இறகில் தண்ணீர் ஊறிவிடும். பறவை நனைந்து, குளிரில் தவிக்கும்.

வண்டி நிறுத்தும் இடத்தில் எண்ணெய்ச் சொட்டுகள் தெரிந்தால், அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். மீன்கொத்தியின் நீலம் பளிச்சென்றே இருக்கட்டும்.