யாருக்குக் கரண்ட் வைக்கலாம்?

பூசையோ கல்யாண மண்டபமோ, போனதும் கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்ளும் பெண்கள் சென்னை சாந்தோமிலும் உண்டு. பிள்ளை பெற்ற உடம்பு, வயசானால் இப்படித்தான் என்று சிறுநீர்க் கசிவை வெளியே சொல்லாமல் சமாளிப்பார்கள். இவர்களில் சிலருக்கு மின் தூண்டல் கைகொடுக்கும். பிசியோதெரபிக்குப் போய் வந்தவர்கள் இதைக் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். 1963இல் இங்கிலாந்து மருத்துவர் கால்டுவெல், இடுப்பின் அடித்தளத் தசையில் மின்முனையைப் பதித்துக் கசிவைக் கட்டுப்படுத்தினார். இன்று பெரும்பாலும் அறுவை வேண்டியதில்லை. பிறப்புறுப்பில் சிறு மின்முனையை வைத்தே செய்கிறார்கள்.

முதல் கேள்வி, நரம்பு வேலை செய்கிறதா? கரண்ட் முதலில் எழுப்புவது நரம்பை. நரம்புதான் தசையைச் சுருக்குகிறது. ஆகவே நரம்பு அடியோடு செயலிழந்தவருக்கு இதனால் பலனில்லை.

இரண்டாவது கேள்வி, கசிவின் வகை. இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் கசிகிறதா? தாங்கும் தசை தளர்ந்திருக்கிறது. அதை வலுப்படுத்த 50 ஹெர்ட்ஸ் அளவில் தூண்டுவார்கள். அவசரமாக முட்டி, கதவைத் திறப்பதற்குள் போய்விடுகிறதா? சிறுநீர்ப்பை தானாகச் சுருங்குகிறது. அதைத் தணிக்க 10 ஹெர்ட்ஸ் போதும். கணுக்காலுக்கு மேல் ஊசி வைத்து, வாரம் ஒருமுறை அரை மணி நேரமாக 12 வாரம் தூண்டும் முறையும் இதற்கு உண்டு. முழுதாகக் காலியாகாமல் நிரம்பி வழியும் பைக்கோ வைத்தியமே வேறு. போய் வந்த பிறகு எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் பார்ப்பது அதற்காகத்தான்.

மூன்றாவது கேள்வி பலருக்கும் வியப்பாக இருக்கும்: இடுப்பின் அடித்தளத் தசையை உங்களால் இறுக்க முடிகிறதா? பரிசோதித்து 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். நன்றாக இறுக்குபவருக்கு, 1948இல் மருத்துவர் கெகல் வகுத்த பயிற்சியே போதும். அதோடு கரண்ட் வைப்பதால் பெரிய கூடுதல் பலனில்லை. தசை எங்கே இருக்கிறதென்றே பிடிபடாதவருக்குத்தான் இது உதவும். தசை எது என்று கரண்ட் உணர்த்திவிட்டால், பிறகு அவரே பயிற்சியைத் தொடரலாம்.

கர்ப்பிணிகளுக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கும் இடுப்புப் பகுதியில் கரண்ட் வைப்பதில்லை. சிறுநீரில் கிருமித்தொற்று இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். காரணம் தெரியாத உதிரப்போக்கு இருந்தால் அதைக் கண்டறிந்த பிறகே மற்றதெல்லாம்.

மருத்துவரிடம் போகுமுன் மூன்று நாள் எழுதி வையுங்கள்: எவ்வளவு குடித்தீர்கள், எப்போது எவ்வளவு போனது, கசிந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அதைப் பார்க்காமலே கரண்ட் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னால், எனக்கு எந்த வகைக் கசிவு என்று கேளுங்கள்.