கரப்பானும் நிலக்கரிப் புகையும்

கைக்குழந்தையின் கன்னத்திலே செந்நிறமாய்த் தடித்து, நீர் கசிந்து, பின்னர் முழங்கை முழங்கால் மடிப்புக்களிற் குடிகொண்டு, இரவெல்லாம் சொறியச் செய்யும் நோயை எம்மவர் கரப்பான் என்பர்; மேலை மருத்துவர் எக்சிமா என்பர். இந்நோய் புகுந்த வீட்டில் முதற்கண் விசாரணைக்கு உட்படுபவள் தாயே. அவள் உண்ட மீன் கிரந்தி என்பார் ஒருவர். கத்தரிக்காய் என்பார் மற்றொருவர். பாட்டியார் அன்னாசியை நினைவூட்டுவார். பாலூட்டும் பெண் பத்தியத்தால் மெலிவாள். குழந்தையோ சொறிந்தபடியே இருக்கும். சில குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் தாயின் உண்கலத்தைத் துருவி ஆராய்வோர், குழந்தையைச் சூழ்ந்த காற்றை ஆராய்வது அரிது. அக்காற்றைப் பற்றியே இம்மலரிற் சில கூற விழைகின்றோம்.

கல்லூரி ஆய்வுகூடத்திற் கந்தகத்தை எரித்துச் சாடியிற் பிடித்த நாளை அன்பர் பலர் மறந்திரார். பின்வாங்கிலிருந்தோர் இருமுவதற்கு அன்றொரு நாளாவது உண்மையான காரணம் இருந்தது. மூக்கைத் துளைத்த அந்தக் கந்தகவீரொட்சைட்டு வாயுவே, கிழக்கு ஜேர்மனியின் லைப்சிக், ஹாலே முதலாய நகரங்களின் மீது மாரிதோறும் கவிந்து நின்றது. அங்கே வீடுகளுக்கு வெப்பமூட்டியதும் ஆலைகளை இயக்கியதும் கந்தகம் மிகுந்த பழுப்பு நிலக்கரியாகும். மேற்கிலுள்ள மியூனிக் நகரில் அப்புகை குறைவு. மோட்டார் வண்டிகளோ மிகுதி. ஒரே மொழியும் ஒரே மரபும் உடைய மக்கள் நாற்பதாண்டுகள் இருவேறு காற்றுக்களில் வாழ்ந்து, 1990 ஆம் ஆண்டில் மீண்டும் ஒரே நாட்டினராயினர். விஞ்ஞானிகள் வேண்டியும் அமைக்க முடியாத பரிசோதனை ஒன்றை வரலாறு அமைத்துக் கொடுத்தது.

எரிக்கா வொன் மூற்றியஸ் என்னும் மருத்துவர் இருபுறத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார். புகை மலிந்த கிழக்கிலே தொய்வும், மகரந்தத்தால் விளையும் தும்மற் காய்ச்சலும் மிகுந்திருக்கும் என எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். மார்ச்சளி அங்கு மிகுதிதான். ஆயின் ஒவ்வாமை நோய்கள் மேற்கிலேயே மிகுதியாக இருந்தன. இதனைக் கேட்டுப் புகை நன்றே செய்யும் என்று எவரும் துணியவேண்டா. கரப்பானைத் தேடியவர்கள் வேறொன்றைக் கண்டனர். பள்ளி செல்லுமுன்னுள்ள சிறுவரிடையே கரப்பான் மட்டும் கிழக்கிலேயே கூடுதலாக இருந்தது. ஏனைய ஒவ்வாமை நோய்கள் குறைந்த நாட்டில் இஃதொன்று மட்டும் ஏன் மிகவேண்டும்? 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு இதற்கு வழிகாட்டிற்று. கிழக்கின் மிகுதி, பரிசோதனையில் ஒவ்வாமைக்குரிய அறிகுறி எதுவும் காட்டாத குழந்தைகளிடமே காணப்பட்டது. அஃதாவது அவர்களது கரப்பான் உணவாலோ மகரந்தத்தாலோ எழுந்த ஒவ்வாமையின் வழி வந்ததன்று; தோலிலேயே ஏதோ பழுதுற்றிருக்கவேண்டும்.

தோலின் மேற்படை செங்கல்லும் சாந்துமாய் எழுப்பிய மதில் போன்றது. இறந்த கலங்கள் கல். அவற்றிடையேயுள்ள கொழுப்புச் சாந்து. பிலக்கிரின் எனும் புரதம் அக்கலங்களை இறுக்கி ஈரங்காக்க உதவுகின்றது. இதனை ஆக்கும் பரம்பரையலகு பழுதுற்றோர்க்குக் கரப்பான் எளிதில் வருமென 2006 இல் ஸ்கொத்லாந்தின் டண்டி நகர ஆராய்ச்சியாளர் நிறுவினர். ஐரோப்பியரிற் பத்துப்பேருக்கு ஏறக்குறைய ஒருவர் இக்குறையுடன் பிறக்கின்றனர். எனினும் குறையுடையோர் அனைவரும் நோயுறுவதில்லை. புறத்தேயிருந்தும் தூண்டுதல் வேண்டும். சிசுவின் மதிலோ இயல்பாகவே மெல்லியது.

புகைக்கரியோடு ஒட்டிவரும் சில ஐதரோகாபன்கள் தோற்கலங்களினுள்ளே ஓர் ஏற்பியைத் தட்டியெழுப்புகின்றன. 2017 இல் யப்பானின் தொகொக்கு பல்கலைக்கழகத்தார் எலிகளிற் செய்துகாட்டியது வியப்புக்குரியது. அந்த ஏற்பி விழித்ததும் ஆட்டெமின் என்ற பொருள் சுரக்கின்றது. அதனால் நரம்பிழைகள் நீண்டு மேற்றோலினுள் ஏறுகின்றன. சிறு தொடுகையும் அரிப்பாகின்றது. குழந்தை சொறிய மதில் பிளக்கின்றது. பிளவினூடே தூசியும் உணவுத் துகளும் புகுந்து ஒவ்வாமையைப் பின்னர் தோற்றுவிக்கின்றன. எனவே ஒவ்வாமை பலவேளைகளிற் கரப்பானின் தாயன்று, சேயே எனலாம்.

நிலக்கரி ஒழிந்ததும் கேடு ஒழிந்ததா? மியூனிக்கில் மூவாயிரம் வரையான பிள்ளைகளைத் தொடர்ந்த ஆய்வு, 2008 இல், பெருந்தெருவிலிருந்து ஐம்பது மீற்றருக்குட் குடியிருந்தோர்க்குக் கரப்பானும் பிற ஒவ்வாமைகளும் மிகுந்திருந்ததைக் கூறிற்று. பிறவூர் ஆய்வுகள் யாவும் இதற்கு இணங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அயல்நாடான போலந்தின் கிராக்கோ நகரிற் கருவுற்ற பெண்கள் காற்றை அளக்கும் கருவியை இரண்டு நாட்கள் உடன் சுமந்தனர். கருவிலிருக்கையில் நுண்துகளும் பிறந்தபின் புகையிலைப் புகையும் சேர்ந்து தாக்கிய சிசுக்களுக்குக் கரப்பான் கூடியதென 2011 இல் வெளியிட்டனர். அந்நகர் 2019 செப்தெம்பர் முதலாந் திகதி தொடக்கம் நிலக்கரியும் விறகும் எரிப்பதைத் தடைசெய்தது. லைப்சிக்கில் இன்னொரு செய்தியும் கிடைத்தது. வரவிருக்கும் குழந்தைக்கென ஆசையோடு அறைக்கு வர்ணம் பூசிப் புதுத்தளவிரிப்பு ஒட்டிய வீடுகளிற் கரப்பான் மிகக் கண்டனர். அன்பினால் விளைந்த இத்தீங்கை நினைக்க மனம் நோகின்றது.

எமது அடுப்படி விறகுப்புகையிலும் நுண்துகளும் அவ் ஐதரோகாபன்களும் உள. ஏணையை அடுப்படியிற் கட்டாதிருத்தலும், தந்தையார் சுருட்டை வீட்டுக்குள் மூட்டாதிருத்தலும், வர்ணப்பூச்சைப் பிள்ளைப்பேற்றுக்குப் பல மாதங்கள் முன்னரே முடித்தலும் செலவில்லாதவை. குழந்தையின் மேனியை ஈரங்காக்கும் களிம்பு பூசி, மருத்துவர் கூறும் மருந்தை அச்சமின்றி இடலாம். உணவே காரணமென மருத்துவர் சோதித்துக் கூறும்வரை தாய் தன் மீன்கறியை உண்ணட்டும்.