வாயிலைக் கடந்த பின்

நம் நாட்டு நூலக இயலின் தந்தையெனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிட்டவேண்டும் என்பது ஒன்று. வாசகரின் காலம் வீணாகலாகாது என்பது மற்றொன்று. கல்லூரி நூலகத்தை நாடிவரும் மாற்றுத்திறனாளி மாணவர்க்கு இவ்விரண்டும் கிட்டுகின்றனவா?

சாய்தளம் வேண்டும், ஐயமில்லை. 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளமேனும் இல்லையேல், சக்கர நாற்காலியைத் தாமே உருட்டி ஏறுதல் அரிது. (செங்குத்தாய்க் கட்டி வண்ணம் பூசிய சாய்தளங்கள் திறப்புவிழாப் புகைப்படத்திற்கே உதவும்.) ஆயினும், வாயிலைக் கடந்த பின் நூல் வாய்திறவாவிடில் பயன் என்ன?

பார்வையற்றோர்க்கு இன்று கணினியே படித்துக் காட்டுகின்றது. திரையிலுள்ள எழுத்தை ஒலியாக்கும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளை, பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் 2006-இல் உருவாக்கத் தொடங்கினார். அது இலவசமாகவே கிடைக்கின்றது. ஆனால் பக்கங்களை வெறுமனே படம்பிடித்து வைத்தால், கணினிக்கு அது எழுத்தன்று, படம். எனவே ஊமையாகிவிடும். தமிழ் நூல்களுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. யூனிகோடு முறை பரவுமுன் தட்டச்சிட்ட பல கோப்புகளில், கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றுவது கணினிக்கு ஆங்கில எழுத்துக் குவியலே. பாரதியின் பாடலைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில ஒலிகள் காதில் விழும்! ஆதலின் நூலை ஸ்கேனரில் படியெடுத்து, எழுத்துணரும் மென்பொருளால் எழுத்தாக்கி, பிழைதிருத்த ஓர் ஆள் வேண்டும். இதற்கு நாள்கள் பிடிக்கும். தோழி அன்றே தட்டிலிருந்து எடுத்துச்செல்லும் நூலுக்காகப் பார்வையற்ற மாணவி தேர்வு முடியுமட்டும் காத்திருக்க நேர்ந்தால், அந்நூலகம் அவளுக்கு மூடியே கிடக்கின்றது.

சட்டம் இடந்தராது என்பாரும் உளர். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளின் கல்விக்காக இத்தகைய படியெடுப்பதை அனுமதிக்கின்றது. இதே நோக்குடைய மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்ததும் இந்தியாவே. கல்வியாண்டு தொடங்குமுன் பாடநூற்பட்டியலைப் பேராசிரியரிடம் கேட்டு வாங்குவார் இல்லாமையே பெரும்பாலும் தடையாகின்றது.

பெற்றோரே, இத்தகைய பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது கட்டணத்தையும் விடுதியையும் விசாரிக்கின்றீர்கள். அன்றே நூலகரையும் கண்டு, "முதற்பருவ நூல்கள் என் மகளுக்கு எந்த நாளில் கிடைக்கும்?" என்று கேளுங்கள். அந்த நாளை எழுத்தில் பெற்றுக்கொள்ளவும் தயங்கவேண்டாம்.