பிரயாணமும் புட்டிப்பாலும்

கைக்குழந்தையுடன் தூரதேசம் செல்வது இன்று செல்வர்களின் உல்லாசம் மட்டுமன்று. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் விமானம் ஏறுகிற குடும்பம் ஒன்று என்றால், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடித் தர்மபுரி ஜில்லாவிலிருந்து பஸ் ஏறுகிற குடும்பங்கள் பல. ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கலில் கூடுகிற ஜனத்திரளிலும் தாய்மார் இடுப்பில் சிசுக்களைக் காணலாம். இவ்வளவு பேரின் கைப்பையிலும் இப்பொழுது இடம் பெற்றுவிட்ட பொருள் ஒன்று உண்டு. அது பால் புட்டி. தேச விஷயங்களை விவாதிக்க வேண்டிய பக்கத்தில் புட்டியைப் பற்றி எழுதுவதா என்று சிலர் நகைக்கலாம். சிசுக்களின் உயிர் அற்பமானால்தான் இந்த விஷயமும் அற்பமாகும் என்பதே அவர்களுக்கு நமது பதில்.

புட்டியிலுள்ள அபாயம் யாது? அதன் அடிமூலையிலும் ரப்பர் காம்பின் துவாரத்திலும் பால் தங்கிக் கிருமிகள் பெருகுகின்றன. வீட்டில் அடுப்பும் தண்ணீரும் அருகிலிருக்கும். உபயோகித்தவுடன் சோப்பும் பிரஷும் கொண்டு கழுவி, நீரில் மூழ்கக் கொதிக்க வைத்து எடுக்கலாம். பஸ்ஸிலோ ரயிலிலோ இதற்கு வழியேது? குழாயடியில் ஒரு முறை குலுக்கி ஊற்றிவிட்டு மறுபடியும் பாலை நிரப்புகிறார்கள். அந்தக் குழாய்த் தண்ணீரின் யோக்கியதை யாருக்கும் தெரியாது. அடுத்த நாள் குழந்தைக்குப் பேதி கண்டால், ஊர் மாறிய தோஷம் என்றும் கண்ணேறு என்றும் காரணம் கற்பிக்கிறோம்.

டப்பாவிலுள்ள பால் தூள் முற்றும் சுத்தமானது என்ற எண்ணமும் பிழையானது. அதில் கிருமி அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. அதனால்தான் உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் 2007-இல் வெளியிட்ட வழிமுறைகளில், 70 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாத சூடுள்ள நீரில் தூளைக் கலக்க வேண்டும் என்றும், கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் புகட்டிவிட வேண்டும் என்றும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும் என்றும் விதித்தன. காலையில் கலந்த பாலை நண்பகல் வரையில் சுமந்து செல்வதும், குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை அடுத்த பசிக்கு எடுத்து வைப்பதும் சிக்கனம் அல்ல. தூளின் அளவைக் குறைத்து நீரைக் கூட்டுவது இன்னும் கொடுமை. வயிறு நிறையும், உடல் மெலியும்.

தர்மபுரிக்கு மற்றொரு துன்பமும் உண்டு. பென்னாகரம், பாலக்கோடு முதலிய பகுதிகளின் நிலத்தடி நீரில் ப்ளோரைடு மிகுதி. பற்களில் கறையும், நாள் செல்லச் செல்ல எலும்பிலும் மூட்டிலும் நோவும் உண்டாக்கும் பொருள் இது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ப்ளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு ஏறவே செய்யும். இங்கே இயற்கையின் கருணையைக் கவனிக்க வேண்டும். தாய் அந்த நீரையே பருகினாலும் அவளுடைய பாலில் ப்ளோரைடு மிகச் சொற்பமாகவே கலக்கிறது. புட்டிப்பால் குடிக்கும் சிசுவோ, கிணற்று நீரிலுள்ளதனைத்தையும் அப்படியே ஏற்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் திறக்கப்பட்டது இக்கேட்டைத் தணிக்கவே. பாலுக்குக் காவிரி நீர் கிடைக்கும்போது ஆழ்குழாய் நீரை நாடலாகாது.

இந்த எச்சரிக்கை புதிதன்று. 1939-இலேயே சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற வைத்திய மாது, தாய்ப்பாலை விடுத்து டப்பாப் பாலைப் புகட்டச் செய்யும் விளம்பரங்களைக் கொலைக்கு ஒப்பிட்டு, நகரப் பிரமுகர்களின் முன்னிலையில் இடித்துரைத்தார். 1981-இல் உலக சுகாதார மகாசபை இவ்வியாபாரத்துக்கு ஒழுங்குமுறை வகுத்தது. நமது பார்லிமெண்டும் 1992-இல் சட்டம் இயற்றி, 2003-இல் அதை மேலும் கடுமையாக்கியது. பால் தூளுக்கும் புட்டிக்கும் விளம்பரம் கூடாது. இலவச மாதிரி கொடுக்கக் கூடாது. பால் டப்பாவின்மீது குழந்தையின் படம் அச்சிடக் கூடாது. சட்டம் இருக்கிறது, அதைப் படித்த கடைக்காரர் எத்தனை பேர்? படித்துவிட்டுக் கேள்வி கேட்ட ஊழியர் எத்தனை பேர்?

ஆயினும், புட்டி பிடித்த தாயையெல்லாம் பழிப்பது நம் நோக்கமன்று. தாயை இழந்த சிசு உண்டு. நோயால் பால் வற்றிய தாய் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தோன்றிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தர்மபுரிக்கும் விரிந்தது. அத்தொட்டிலில் விடப்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் எங்கே? இத்தகையோருக்கு நாம் சொல்வது, நம் பாட்டிமார் அறிந்த பாலாடையையும் சங்கையும் மறவாதீர்கள் என்பதே. வாய் அகன்ற அந்தச் சிறு பாத்திரத்தில் அழுக்கு ஒளிய இடமில்லை. கழுவுவதும் கொதிக்க வைப்பதும் எளிது. குறைமாதக் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரிகளிலும் பாலாடையால் புகட்டுகிறார்கள். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, புரையேறாமல் மெல்ல ஊட்ட வேண்டும். பிரயாணத்தில் தூளை வேளைக்கு வேளை அளந்து, உலர்ந்த சுத்தமான டப்பிகளில் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். கொதித்த நீரை நல்ல பிளாஸ்கில் எடுத்துச் சென்று, சூடு குறைவதற்குள் கலந்து, பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துப் புகட்டலாம். பேதி கண்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

தாய்ப்பால் உள்ளவளுக்கு இத்தனை ஏற்பாடும் வேண்டியதில்லை. அவளுக்கு வேண்டியது ஒதுக்கமான ஓர் இடமும் சற்று அவகாசமுமே. நாலுபேர் முன்னிலையில் மாராப்பை விலக்கக் கூசித்தான் பலர் பிரயாணத்தில் புட்டியை நாடுகிறார்கள். இதை உணர்ந்தே 2015-இல் தமிழக சர்க்கார் பஸ் நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. அறை திறந்தால் போதாது. அது பூட்டப்படாமலும், சாமான் கிடங்காகாமலும், பெருக்கித் துடைத்தும் இருக்க வேண்டும். கட்டிட வேலைத் தலங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பிடம் வேண்டும் என்று 1996-ஆம் வருஷச் சட்டம் விதித்தது. செங்கல்லும் மணலும் வந்துவிட்டனவா என்று பார்க்கும் மேஸ்திரி, சிசுவுக்கு நிழல் உண்டா என்று பார்ப்பதுண்டா?

முயன்றால் பலன் உண்டு என்பதற்கு இந்த ஜில்லாவே சாட்சி. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையிலுள்ள சித்திலிங்கிப் பள்ளத்தாக்கில், 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் குடிசையில் வைத்தியசாலை தொடங்கியபோது, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 மடிந்துகொண்டிருந்தன. அவ்வூர்ப் பெண்களையே சுகாதார ஊழியராகப் பயிற்றி, வீடு வீடாக அனுப்பி, அவர்கள் அந்த மரணத்தை வெகுவாகக் குறைத்தனர்.

பொதுப்பணியில் ஈடுபட்டுள்ள நண்பர்களை நாம் வேண்டுவது இதுவே. அடுத்த முறை கூட்டத்துக்குப் புறப்பட்டுப் பஸ் நிலையத்தில் காத்திருக்கும் பொழுது, தாய்மார் அறையின் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். சாவி வரும் வரையில் அவ்விடத்தை விட்டு அகலாதீர்கள்.