21,000 ரூபாய் ஸ்பீக்கர் 64,000 ஆன கதை: வீட்டிலேயே எலக்ட்ரோஸ்டேட்டிக் செய்யலாமா?

போன வீடியோவுல எனக்குப் பின்னாடி கதவு மாதிரி நின்ன ரெண்டு பலகையைப் பார்த்துட்டு, அது என்னன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அது ஸ்பீக்கர். கள்ளக்குறிச்சியில எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து நானே செஞ்சது. "எவ்வளவு ஆச்சு?" என்ற கேள்விக்கு ஒரு வரியில பதில் இல்ல. அதனால முழுக் கணக்கையும் எழுதறேன். நான் பண்ண ஒரு பெரிய தப்பும் இந்தக் கணக்குல இருக்கு.

அப்படி என்ன விசேஷம்?

சாதாரண ஸ்பீக்கர்ல காந்தம், காயில், கூம்பு இருக்கும். எலக்ட்ரோஸ்டேட்டிக்ல இது எதுவும் கிடையாது. ஓட்டை போட்ட ரெண்டு உலோகத் தகடு, நடுவுல சில மைக்ரான் தடிமன்ல ஒரு பாலியஸ்டர் பிலிம், அவ்வளவுதான். நம்ம தலைமுடியை விட பல மடங்கு மெல்லிசு. அந்த பிலிமுக்குச் சில ஆயிரம் வோல்ட் மின்னூட்டம் கொடுக்கணும். பாட்டோட சிக்னலை டிரான்ஸ்பார்மர் வழியா உயர்த்தித் தகடுகளுக்குக் கொடுத்தா, ஒரு தகடு பிலிமை இழுக்கும், இன்னொண்ணு தள்ளும். பிலிமுக்கு எடையே இல்லாத மாதிரிதான். சிக்னல் நின்ன உடனே அதுவும் நிக்கும். அதனாலதான் குரலும் வீணையும் அவ்வளவு தெளிவா கேக்குது.

இதைப் பிரபலமாக்கினது இங்கிலாந்தோட குவாட் நிறுவனம். பீட்டர் வாக்கர் உருவாக்கிய இ.எஸ்.எல். 1957-ல விற்பனைக்கு வந்துச்சு. அடுத்த மாடலான இ.எஸ்.எல்.-63 வந்தது 1981-ல. பழைய 57-ஐ இன்னைக்கும் ரிப்பேர் பண்ணிக் கேக்குறவங்க உலகம் முழுக்க இருக்காங்க.

ஏன் நானே செஞ்சேன்?

எனக்குச் சென்னையில வேலை, சம்பளம் 38,000 ரூபாய். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜோடி வெளிநாட்டு ஸ்பீக்கரை 2 லட்சம்னு சொன்னாங்க. பர்சனல் லோன் போட்டுப் பார்த்தேன். 14 சதவீத வட்டி, 36 மாசம்னா இ.எம்.ஐ. சுமார் 6,836 ரூபாய். மொத்தம் கட்டுறது சுமார் 2.46 லட்சம். பாட்டு கேக்க 46,000 ரூபாய் வட்டியா? வேண்டாம்னு விட்டேன். அந்த முடிவு சரிதான்.

அப்புறம் போட்ட பட்ஜெட் இது:

- தகடு 4, வெட்டுக்கூலி, பவுடர் கோட்டிங்: 6,500
- பிலிம்: 1,800
- டொராய்டல் டிரான்ஸ்பார்மர் 4: 4,800
- உயர் வோல்ட்டேஜ் சப்ளை பாகங்கள்: 2,200
- மரச்சட்டம்: 4,000
- வயர், ஃபோம் டேப், சில்லறைச் செலவு: 1,700

மொத்தம் 21,000 ரூபாய். இந்தப் பணத்தைத் தனியா சேர்த்து வச்சிருந்தேன்.

டிரான்ஸ்பார்மர்ல ஒரு மலிவு வழி இருக்கு. 230 வோல்ட்டை 6 வோல்ட்டா குறைக்கிற சாதாரண டொராய்டலைத் திருப்பிப் போட்டா சுமார் 38 மடங்கு உயர்த்தும். ஒரு ஸ்பீக்கருக்கு ரெண்டைச் சேர்த்துப் போட்டா சுமார் 76 மடங்கு. இதுக்குன்னே செஞ்ச ஆடியோ டிரான்ஸ்பார்மரை விட இது ரொம்ப மலிவு.

சட்டத்துக்கு எங்க ஊர்லயே நல்ல கை இருக்கு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கே! "சதுரம் நூலளவு தப்பினாலும் பிலிம் சுருங்கிடும்ணே"ன்னு தச்சர் அண்ணன்கிட்ட சொன்னேன். "சாமி சிலையே செய்றோம் தம்பி, இந்தச் சட்டத்துல தப்புமா?"ன்னு சிரிச்சார். தப்பல.

43,000 எங்கிருந்து வந்துச்சு?

தப்பினது என் பட்ஜெட். முதல் பிலிமை இழுத்து ஒட்டும்போது கிழிஞ்சுது, ரெண்டாவதும் கிழிஞ்சுது. புது ரோல் 1,800. ஒரு தகட்டுல கோட்டிங் சரியா பிடிக்காம பொறி பறந்துச்சு. திரும்ப கோட்டிங் 2,400. உயர் வோல்ட்டேஜ் அளக்கத் தனி புரோப் 3,500. பஸ், கூரியர் 2,300.

இதெல்லாம் சின்னது. பெரிய அடி அடுத்ததுதான். இந்த ஸ்பீக்கர் மின்சாரப் பார்வையில ஒரு கெபாசிட்டர். ஒலி மேல போகப் போக அதோட தடை இறங்கும், ஒரு ஓம் பக்கம்கூட வந்துடும். என் பழைய ஆம்ப்ளிஃபயர் சூடாகி ஆஃப் ஆச்சு. தாங்கக்கூடிய செகண்ட் ஹேண்ட் ஆம்ப்ளிஃபயர் 22,000. அடுத்து, பிலிமோட முன்னாடி வர்ற ஒலியும் பின்னாடி வர்ற ஒலியும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். அதனால பேஸ் குறைவு. தவில் சத்தம் தகர டப்பா மாதிரி வந்துச்சு. ஊஃபர் 11,000.

கூட்டிப் பாருங்க: கூடுதலா 43,000. மொத்தம் 64,000. என் திட்டத்தைப் போல மூணு மடங்கு!

நவம்பர்ல இதை வீடியோ எடுக்கலாம்னு கல்வராயன் மலைக்கு எடுத்துட்டுப் போனோம். வெள்ளிமலையில நண்பன் வீடு, வண்டிச் சத்தம் இருக்காதுன்னு ஐடியா. கச்சிராயபாளையம் தாண்டி மேல ஏற ஏறப் பனிமூட்டம். ஆன் பண்ணா சத்தம் பாதிதான் வருது, கூடவே படபடன்னு பொரியுது. ஈரத்துல மின்னூட்டம் கசிஞ்சு போகுது. ரெண்டு நாள் வீண். கீழ இறங்கி நல்லா காய்ஞ்சப்புறம் பழையபடி பாடுச்சு.

நான் பண்ண தப்பு

அந்த 43,000-ஐ எமர்ஜென்சி ஃபண்டுல இருந்து எடுத்தேன். 60,000 இருந்தது 17,000 ஆச்சு. "அடுத்த மாசம் திரும்பப் போட்டுடலாம்"னு நினைச்சேன். போடல.

ஏப்ரல்ல அப்பாகிட்ட இருந்து போன். போர் மோட்டார் கருகிடுச்சு, கரும்பு காயுது. புது மோட்டார், கேபிள், இறக்குற கூலி எல்லாம் சேர்த்து 32,000. என்கிட்ட 17,000. அம்மா எதுவும் பேசாம வளையலைக் கழட்டிக் கொடுத்தாங்க. அதை அடகு வச்சு 15,000 வாங்கினோம். மீட்க எனக்கு நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசமும் ஸ்பீக்கரை ஆன் பண்ண மனசு வரல.

64,000-ன்னாலும் 2.46 லட்சத்தை விட இது ரொம்பக் கம்மி. ஸ்பீக்கர் செஞ்சது தப்பில்ல. வீட்டுக்குன்னு வச்ச பணத்தைப் பொழுதுபோக்குக்கு எடுத்ததுதான் தப்பு. மாசம் 4,000 ரூபாய் ஆர்.டி.யில போட்டிருந்தா, வட்டியை விட்டாலே 16 மாசத்துல இதே 64,000 கையில இருந்திருக்கும்.

நீங்க செய்யப் போறீங்களா?

1. பட்ஜெட்டை மூணால பெருக்குங்க. அந்தத் தொகை சேர்ந்தப்புறம் முதல் தகடு வாங்குங்க.

2. "இது அடுத்து என்ன வாங்கச் சொல்லும்?"னு முதல்லயே கேளுங்க. எனக்கு ஆம்ப்ளிஃபயரும் ஊஃபரும். உங்களுக்குக் கேமராவுக்கு லென்ஸ், பைக்குக்கு ரைடிங் கியர்.

3. ஒரே ஒரு சின்ன பேனல் செஞ்சு பாருங்க. பிடிக்கலைன்னா நஷ்டம் சில ஆயிரத்தோட போகும்.

4. எமர்ஜென்சி ஃபண்டை வேற பேங்க் அக்கவுண்ட்ல வைங்க. சம்பள அக்கவுண்ட்டோட இருந்தா கை போகும்.

5. இது உயிர் விஷயம். ஆஃப் பண்ணப்புறமும் கெபாசிட்டர்ல ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். வீட்டு மின்சாரத்துல இருந்து நேரடியா சர்க்யூட் எடுக்காதீங்க, ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவர் பக்கத்துல இல்லாம தொடாதீங்க. குழந்தைகள் இருக்கிற வீடுன்னா யோசிங்க.

வளையலை மீட்டுக் கொடுத்த அன்னைக்குச் சாயங்காலம் அம்மாவே கேட்டாங்க: "அந்தக் கதவைப் பாட விடேன்டா." நாதஸ்வரம் போட்டேன். அப்பா கட்டில்ல சாஞ்சு கண்ணை மூடிக் கேட்டார். முடிஞ்சதும் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. அடுத்த தடவை மோட்டாருக்கு எடுத்து வச்சுட்டுச் செய்."

அதையேதான் உங்களுக்கும் சொல்றேன். அடுத்த வீடியோவுல ஆர்.டி.யா, லிக்விட் ஃபண்டான்னு பார்ப்போம்.