மூக்கு அறியாத நஞ்சு. மணியடித்து எழுப்பும் சிறு கருவி

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அறையைச் சூடாக்க ஹீட்டர் வாங்குபவர் எவரும் இல்லை. மார்கழியிலும் மின்விசிறி சுழலும் ஊர்கள் இவை. ஆனாலும் காஸ் ஹீட்டர் பறித்த உயிர்களுக்காகத் திருவனந்தபுரம் மாவட்டம் கண்ணீர் வடித்ததுண்டு.

2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா சென்ற 15 பேர், தாமன் என்னும் மலையூரில் ஒரு விடுதியில் இரவு தங்கினார்கள். அவர்களில் 8 பேர் ஒரே அறையில் படுத்தார்கள். குளிருக்காகக் காஸ் ஹீட்டரை எரியவிட்டு, கதவையும் ஜன்னல்களையும் உள்ளே தாழிட்டுக் கொண்டார்கள். 21ஆம் தேதி காலையில் அந்த அறையிலிருந்து யாரும் எழுந்து வரவில்லை. திருவனந்தபுரத்தையும் கோழிக்கோட்டையும் சேர்ந்த அந்த இரு குடும்பத்தினர் எண்மரும் மாண்டனர். அவர்களில் நால்வர் குழந்தைகள்.

அங்கே தீப்பிடிக்கவில்லை, சிலிண்டர் வெடிக்கவில்லை. உறங்கியவர்களைக் கொன்றது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு.

நம் வாசலிலும் உண்டு

"நேபாளத்துக் குளிர் நமக்கேது?" என்று கேட்கலாம். எரியும் பொருள் எதுவானாலும், போதிய காற்றில்லாத இடத்தில் எரிந்தால் இந்த நஞ்சு பிறக்கும். குளியலறைக்குள் மாட்டிய காஸ் கெய்சரும், கடைக்குள் ஓடும் ஜெனரேட்டரும் இதற்கு விலக்கல்ல. மழைக்குப் பயந்து அறைக்குள் கொண்டுவந்து வைக்கும் சிரட்டைக் கரி இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தான். தணல் சாம்பல் பூத்துவிட்டதே என்று அசந்துவிடக் கூடாது. புகை அடங்கிய பிறகும் கரி இந்த வாயுவை விட்டுக்கொண்டேயிருக்கும்.

2024 ஆகஸ்டில் கொடைக்கானல் சென்ற திருச்சி இளைஞர்கள் இருவர், அறையில் கரி அடுப்பை வைத்துவிட்டு உறங்கி உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள் இருவர் பிணமாகக் கிடந்தனர். வண்டியின் ஜெனரேட்டரிலிருந்து வந்த வாயு உள்ளே புகுந்ததே காரணம் என்று சோதனையில் தெரிந்தது. ஊட்டிக்கும் மூணாறுக்கும் விடுமுறையில் போகிறவர்களும், லைன் வீடுகளில் ஓர் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் நம் தொழிலாளத் தோழர்களும் இவற்றை மனத்தில் கொள்ள வேண்டும்.

எப்படிக் கொல்கிறது?

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்கும் குணமும் இல்லை. சமையல் காஸ் கசிந்தால் நாற்றம் வருகிறதே என்று சிலர் நினைப்பார்கள். அந்த நாற்றம் கசிவை அறிவதற்காகவே காஸில் சேர்க்கப்படுவது. காஸ் எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடில் அது இராது.

ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த நஞ்சு அதைப் பற்றிக்கொள்கிறது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே மூளையும் இதயமும் பிராணவாயுவின்றித் தவிக்கின்றன. முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், குமட்டல், கால் தளர்ச்சி. பித்தம் என்றோ அலுப்பு என்றோ எண்ணிப் படுத்துவிட்டால் மீண்டும் எழுவது அரிது. ஓர் அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனதும் குறைந்தால், இந்த வாயுவையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முற்காலத்தில் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் கானரி என்ற சிறு பறவையைக் கூண்டில் எடுத்துச் சென்றார்கள். மனிதனுக்கு முன்னே பறவை மயங்கி விழுந்து எச்சரிக்கும். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி சொன்ன யோசனை இது. 1986இல்தான் அங்கே பறவைகளுக்கு ஓய்வு கொடுத்து மின் கருவிகளை வைத்தார்கள். வீடுகளில் மாட்டும் கார்பன் மோனாக்சைடு அலாரம் அதே வேலையைச் செய்கிறது.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

காஸ் கசிவு அலாரம் வேறு, புகை அலாரம் வேறு, இது வேறு. பெட்டியில் கார்பன் மோனாக்சைடு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஈ.என். 50291 அல்லது யு.எல். 2034 என்ற தர எண் இருப்பது நல்லது. இத்தரமுள்ள கருவி வாயுவின் அளவையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடும். யு.எல். தரப்படி, பத்து லட்சம் பங்கு காற்றில் 70 பங்கு வாயு இருந்தால் 1 மணி முதல் 4 மணி நேரத்துக்குள்ளும், 400 பங்கு இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள்ளும் மணி அடிக்க வேண்டும்.

சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். ஆகவே கசிவு அலாரத்தைத் தாழ்வாக மாட்டுவார்கள். கார்பன் மோனாக்சைடோ காற்றோடு காற்றாகக் கலந்து பரவும். எனவே ஹீட்டருக்கு மிக அருகில் இல்லாமல் 1 முதல் 3 மீட்டர் தள்ளி, படுத்திருப்பவர் மூச்சுவிடும் உயரத்தில் வைக்கலாம். உறங்குபவர் காதில் ஒலி விழ வேண்டியது முக்கியம். திரைக்குப் பின்னாலோ, ஜன்னலை ஒட்டியோ, மின்விசிறிக் காற்று நேரே படும் இடத்திலோ வைக்க வேண்டாம். நீராவி பட்டால் கருவி கெடும் என்பதால் குளியலறைக்கும் இது ஏற்றதல்ல. காஸ் கெய்சர் விஷயத்தில் அலாரத்தை நம்பாமல், கெய்சரையே குளியலறைக்கு வெளியே மாட்டுவதுதான் வழி.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஆனால் மணியும் பேட்டரியும் நலமா என்று மட்டுமே அது சொல்லும். வாயுவை உணரும் உறுப்புக்குத் தனி ஆயுள் உண்டு. அது கருவிக்குத் தக்கபடி 5 முதல் 10 ஆண்டுகள். முடிவுத் தேதி பின்புறம் அச்சிட்டிருக்கும். அந்தத் தேதி கடந்த கருவி பொத்தானை அழுத்தினால் மணி அடிக்கும், வாயு வந்தால் அடிக்காமலும் போகும். இத்தகைய காவலனை நம்பி உறங்குவது, காவலன் இல்லாததைவிட ஆபத்து.

தூசியை உலர்ந்த துணியால் துடையுங்கள். கொசு மருந்து, பெயின்ட், ஸ்பிரிட் ஆகியவற்றின் ஆவி படாமல் பாருங்கள். ஊதுவத்திப் புகையைக் காட்டிச் சோதிக்க வேண்டாம். நிமிடத்துக்கு ஒருமுறை "கீச்" என்றால் பெரும்பாலும் பேட்டரி தீர்ந்தது என்று பொருள். தொல்லை என்று பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிடாமல் அன்றே புதியது போடுங்கள்.

மணி அடித்தால்

தொடர்ந்து அடித்தால் காரணம் தேடி நிற்காதீர்கள். எல்லோரையும் எழுப்பி வெளியே வாருங்கள். கைக்கு எட்டினால் ஹீட்டரை அணைத்து, கதவைத் திறந்துவிடுங்கள். பிறகு 108க்கு அழையுங்கள். மயங்கியவரைத் தூக்க உள்ளே போகிறவரும் மயங்கி விழக்கூடும். காற்றோட்டம் உண்டாக்காமல் நுழையக் கூடாது.

மருத்துவமனையில் "மூடிய அறையில் காஸ் எரிந்தது" என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி இந்த நஞ்சைப் பிரித்தறியாது, எல்லாம் சரி என்றே காட்டும். ரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும். சாதாரணக் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும்.

முதல் காவலன்

அலாரம் இரண்டாவது காவலன்தான். முதல் காவலன் திறந்த ஜன்னல். காஸ் சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக மாறினாலோ கரி படிந்தாலோ மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். உறங்கப் போகுமுன் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். கரிப் பெட்டியும் ஜெனரேட்டரும் வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்குத் தள்ளியே இருக்க வேண்டும்.

மலையூருக்குப் போகிறவர்கள் கம்பளியோடு ஓர் அலாரத்தையும் பையில் வைத்துக்கொள்ளலாம். ஓர் அறையில் ஐந்து பேர் சேர்ந்து வாடகை கொடுப்பதுபோல, இதையும் சேர்ந்து வாங்கலாம். வாங்க இயலாதவர்களுக்கும் செலவில்லாத பாதுகாப்பு ஒன்று உண்டு. எதையும் எரியவிட்டபடி கதவைச் சாத்திக்கொண்டு உறங்காதிருப்பதே அது.